பன்னிரண்டு எட்டு

9, செவ்வாய். காலையிலிருந்து தூறல். ரத்தத்தில் சீனி 9.8.

இல்லை காதர், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் டீக்கடையில் ஆள் இருந்ததால் பாதியில் என் வாயை அடைத்துவிட்டாய். இந்த நோட்டில் உன்னால் அடைக்க முடியாது. கூம்பு தூக்கினவன் கூம்பு தூக்கினவன்தான். பதினொரு வருஷம் லோகன் நம் கால்பந்து டீமுக்கு அசிஸ்டன்ட் கோச். என்ன செய்தான்? ஆரஞ்சுக் கூம்புகளை அடுக்கினான், எடுத்தான். போத்தலில் தண்ணீர் நிரப்பினான். கோச் மாஸ்டர் கத்தினால் தலையை ஆட்டினான். போன மாதம் குருபோங் டீம் கூப்பிட்டது, மேனேஜராகப் போய்விட்டான். மேனேஜர்!

நீ சொன்னது: "பதினோரு வருஷம் பக்கத்துல நின்னு பாத்தவன்டா. அவனுக்குத் தெரியாததா?"

நான் சொன்னது: "பக்கத்துல நின்னு பாத்தா தொழில் வந்துரும்னா, ஒங்கடைப் பூனை இந்நேரம் டீ ஆத்தணும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். துண்டால் வாயை மறைத்தாய், நான் பார்த்தேன்.

உனக்குக் கோபம் அதற்கு இல்லை. அடுத்து நான் சொன்னதற்கு. போன ஞாயிறு நம் திடலில் உம்பாய் டீமை ஒரு பினால்ட்டியில் ஜெயித்தோம். பந்து வைக்கிற புள்ளி கோலுக்குக் கிட்ட இருக்கிறது என்று உம்பாய்க்காரர்கள் முனகினார்கள். வருகிற ஞாயிறு குருபோங் வருகிறது, ஆட்டத்துக்கு முன்னால் டேப் வைத்து அளப்போம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. "இது லோகன் வேலை. நம்ம திடல் ரகசியத்த அவந்தான் வெளிய வித்துட்டான்" என்றேன். பார்த்தேனா? இல்லை. கேட்டேனா? இல்லை. வாயில் வந்தது. சொல்ல ருசியாகவும் இருந்தது.

முப்பது வருஷமாகத் திடலில் சுண்ணாம்புக் கோடு போடுவது நான். கோல் கோட்டிலிருந்து பன்னிரண்டு எட்டு, அங்கே புள்ளி. இதுவரை ஒருத்தன் வாய் திறந்ததில்லை. டேப்பாம் டேப்பு. கொண்டு வரட்டும்.

வாங்க வேண்டியது: முழங்கால் தைலம். சுண்ணாம்பு 2 மூட்டை. பா.வுக்கு வெற்றிலை. (பா. = பாக்கியம். நாற்பத்தெட்டு வருஷம் கூப்பிட்டாகிவிட்டது, எழுதவாவது சுருக்கம் வேண்டும்.)

10, புதன். வெயில். சீனி எடுக்கவில்லை, பயம்.

பா.வின் தையல் டேப்பைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். காதர் வாயை அடைக்கத்தான். டேப் ஐந்தடி. முப்பத்தாறு அடி வர வேண்டும். குனிந்து குனிந்து அளந்தேன். ஆறு டேப், அப்புறம் மூன்றடி. புள்ளி வந்துவிட்டது.

திரும்ப அளந்தேன். முப்பத்து மூன்று.

எதிர்ப்பக்கம் போய் அளந்தேன். அங்கேயும் அதே முப்பத்து மூன்று. ஒழுங்காகத்தான் தப்புப் பண்ணியிருக்கிறேன்.

பன்னிரண்டு எட்டு நடந்து பார்த்தேன். எட்டு சரி, கால்தான் சரியில்லை. ஏழு வருஷத்துக்கு முன் முழங்கால் போனது. அன்றிலிருந்து என் எட்டு குட்டை எட்டு. எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நடக்கிற பா.வும் குட்டை எட்டு என்பதால் வித்தியாசம் புரியாமல் போயிருக்கும்.

இன்னொன்று. என் புள்ளிக்குப் பின்னால் சரியாக மூன்றடியில் ஒரு மொட்டை வட்டம். புல் கருகிக் கிடக்கிறது. இரண்டு பக்கமும். தீபாவளிக்குப் பையன்கள் பட்டாசு வெடித்த இடம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். குனிந்து சுரண்டினேன். நகத்தில் வெள்ளை. சுண்ணாம்பு. ஒரு தடவை இரண்டு தடவை பட்டால் புல் இப்படிக் கருகாது. வருஷக்கணக்கில் அதே இடத்தில் பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் கோடு போட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் திடலுக்கு வருகிறவன் ஒருத்தன்தான். கூம்பு அடுக்க.

ஏழு வருஷமும் என் புள்ளியைக் காலால் தேய்த்து அழித்துவிட்டுச் சரியான இடத்தில் வைத்திருக்கிறான். நான் ஆட்டம் பார்க்கிற இடம் நடுக்கோட்டு மரத்தடி. என் கண்ணுக்கு அங்கிருந்து மூன்றடி எங்கே தெரியப்போகிறது? அவன் போன பிறகு முதல் ஆட்டம் போன ஞாயிறு. அழிக்க ஆள் இல்லை.

அவனைத்தான் நான் துரோகி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. பா. கேட்டாள், "யார வம்பிழுத்துட்டு வந்தீங்க?" டேப் எங்கே என்று தேடுகிறாள். அது இன்னும் என் சட்டைப் பையில்தான்.

11, வியாழன். வானம் மப்பு. சீனி 11.4.

காதர் கடை. நாலு மேசையும் நிறைந்திருந்தது. பேச்செல்லாம் லோகன்தான்.

லாரி சேகர்: "சட்டி கழுவுறவன் சமையல்காரன் ஆக முடியுமா?"

காதர்: "நான் சட்டி கழுவித்தான்டா கடை வச்சேன். நீ தெனமும் திங்கிற ரொட்டி அந்தக் கை போட்டது."

சேகர்: "மாஸ்டர் மாதிரி கத்தத் தெரியுமா அவனுக்கு? கத்தாத மேனேஜர நான் பாத்ததில்ல."

காதர்: "கத்துறதுதான் வேலைன்னா ஒன் லாரி ஹாரன மேனேஜரா போடுலா."

சேகர்: "அதெல்லாம் விடுங்க பாய். நம்மகிட்ட கத்துக்கிட்டு நம்மளையே காட்டிக் குடுத்தான்ல. முத்து மாமாவே சொல்லிட்டாரு." கை என் பக்கம் நீண்டது.

ஞாயிற்றுக்கிழமை அவன் திடல் கேட்டுக்குள் நுழையும்போது எல்லோரும் சேர்ந்து ஊளையிடுவது என்று முடிவு. சேகர் தகரத் தட்டு கொண்டுவருகிறானாம். மேனேஜராக லோகனுக்கு இதுதான் முதல் ஆட்டம். பெண்டாட்டி பிள்ளைகளோடு வருவான்.

எழுந்து நின்று சொன்னேன். "டேய், நான் சொன்னது பொய்யிடா. தப்பு என்னோடது. ஏழு வருஷமா புள்ளிய தப்பா வச்சேன். அவந்தான் சொல்லாம கொள்ளாம திருத்தி வச்சிருக்கான்."

கடை முழுக்கச் சிரிப்பு. சேகர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "மாமா! மூஞ்சிய எப்படி மாமா இப்படி வச்சுக்கிறீங்க? இன்னொண்ணு சொல்லுங்க!"

"சத்தியமாடா."

"ஐயோ, சத்தியமாம்! போன வருஷம் மாஸ்டருக்கு லாட்டரி விழுந்துச்சுன்னு சத்தியம் பண்ணீங்களே, அந்தச் சத்தியமா?"

காதர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே டீ ஆற்றினான்.

13, சனி. மத்தியானம் வரை மழை. சீனி 10.9.

பா.விடம் எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பையும் கொடுத்தேன், சேறோடு. டேப்புக்குத் திட்டிவிட்டு மற்றதைக் கேட்டாள்.

"நீங்க உண்மைய சொன்னா யாருங்க நம்புவா? நானே இப்ப பாதிதான் நம்புறேன்."

"பொய் சொன்னா மட்டும் நம்புறாங்களே."

"அத நல்லா சொல்றீங்கல்ல."

லோகனுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. டீமோடு இருப்பான்.

திடலில் தண்ணீர் நின்றது. கோடு போட முடியவில்லை. நாளைக் காலைதான்.

வெற்றிலை மறந்துவிட்டேன். அதற்கும் திட்டு.

14, ஞாயிறு. நல்ல வெயில். சீனி எடுக்க நேரம் இல்லை.

ஏழு மணிக்குச் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். தூரத்தில் கோலுக்கு முன்னால் ஒருத்தன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். குருபோங் டீம் சட்டை. லோகன். கையில் நீல நைலான் கயிறு, நுனியில் சிவப்புத் துணி. கயிற்றின் ஒரு முனை கோல் கோட்டில், மறுமுனை மொட்டை வட்டத்தில்.

"என்னாடா பண்றே இங்க? நீ இப்ப எதிராளிடா."

"பழக்கம் மாமா. கால் தானா வந்துருச்சு." வெட்கத்தோடு சிரித்தான். "ரெண்டு டீமுக்கும் ஒரே புள்ளிதானே."

"எல்லாம் தெரியும்டா எனக்கு. அளந்து பாத்துட்டேன்."

தலையைக் குனிந்துகொண்டான். தப்பு அவன் செய்தது மாதிரி.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கமிட்டி வண்டிய வாங்கிரும். அப்புறம் நாள் பூரா வீட்டுல ஒக்காந்து அத்தைய கிண்டல் பண்ணுவீங்க. பாவம் அத்தை."

கிண்டலை என்னிடமே கற்றிருக்கிறான். துரோகி என்று சொன்னதையும் சொன்னேன். கேள்விப்பட்டானாம். "நீங்கதானே மாமா, வேற யாராவது சொல்லியிருந்தா வருத்தப்பட்டிருப்பேன்" என்றான். அது மன்னிப்பா, குத்தலா, இன்னும் யோசிக்கிறேன்.

கயிற்றைச் சுருட்டி என் வண்டியில் போட்டான். "இனிமே நீங்களே வச்சுக்குங்க." நானே புள்ளி வைத்தேன், இரண்டு பக்கமும். அவன் டீம் பஸ்ஸைக் கூட்டிவரப் போய்விட்டான்.

நாலு மணி. கமிட்டி அளந்தது. முப்பத்தாறு. கைதட்டல் எனக்கு! "மாமா கால்தான் டேப்பு!" என்று சேகர் கத்துகிறான். மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

குருபோங் பஸ் வந்தது. லோகன் இறங்கினான், பின்னால் பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். சேகர் தகரத்தைத் தூக்கினான். சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை என்பது வியாழனன்றே தெரிந்துவிட்டதே. பஸ் படியில் அவர்களுடைய கூம்பு அடுக்கு இருந்தது. எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். இன்னொரு கையில் போத்தல் கூடை. லோகனுக்குப் பின்னால் மூன்றடி விட்டு நடந்தேன், கேட்டிலிருந்து அவர்கள் பெஞ்சு வரை, நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால். முழங்கால் ஒவ்வோர் எட்டுக்கும் பேசியது. நடுவழியில் நின்று லோகனுக்குச் சலாம் வைத்தேன்.

"மாஸ்டர்! ஒங்களுக்கு அசிஸ்டன்ட் போயிட்டான், அவனுக்கு அசிஸ்டன்ட் கெடச்சுட்டான்!" என்று கத்தினேன்.

முதலில் மாஸ்டர்தான் சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எழுந்து போய் லோகன் கையைப் பிடித்துக்கொண்டார். சேகர் தட்டின தகரம் ஊளைக்குப் போகாமல் உறுமி மேளம் மாதிரிப் போய்விட்டது. சின்னப் பெண் தானும் ஒரு கூம்பை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டம் 1–1. முதல் பாதியில் நாம். இடைவேளையில் லோகன் அந்த உயரமான முன்னாட்டக்காரனை வெளியே எடுத்துவிட்டு ஒரு குள்ளப் பையனை விட்டான். பைத்தியமா என்றார்கள். நம் திடலின் இடது மூலையில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், பந்து அங்கே செத்துவிடும், உயரமானவன் வழுக்குவான். பதினொரு வருஷம் அங்கே கூம்பு வைத்தவனுக்குத் தெரியும். குள்ளன் அங்கிருந்துதான் கோல் போட்டான். லோகன் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

கடைசியில் நமக்கு ஒரு பினால்ட்டி. கம்பத்தில் பட்டு வெளியே. உடனே சேகர்: "மாமா! புள்ளிய தூரமா வச்சுட்டீங்க!"

எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து.

15, திங்கள். வெயில். சீனி 7.1. பா. நம்பவில்லை, திரும்ப எடுக்கச் சொன்னாள். 7.0.

வெற்றிலை வாங்கியாயிற்று.

காதர் கடை, காலை, ஆள் இல்லை. தோற்றுவிட்டேன் என்று நானே சொன்னேன். அசிஸ்டன்ட் மேனேஜர் ஆகலாம், ஒத்துக்கொள்கிறேன் என்றேன். கயிற்றை எடுத்து மேசையில் வைத்தேன். முழுக் கதையையும் இவனுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவன் கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இது மூணாவது கயிறு. மொத ரெண்டும் அறுந்துருச்சு. முப்பத்தாறு அடி, கஜக்கோல் வச்சு நானே அளந்து வெட்டிக் குடுத்தேன்."

"ஒனக்குத் தெரியுமா?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்க பாய்னான். சொல்லல."

"அப்ப செவ்வாக்கெழம நான் அவ்ளோ பேசறப்ப, ஏன்டா காதர், நீ எங்கிட்ட ஒரு வார்த்த—"

யாரோ வந்து இரண்டு ரொட்டி கேட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் எழுந்த நாற்காலியில் பூனை ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்தது. அதற்கும் தெரிந்திருக்கும்.