கண்மாயைப் பார்த்த கடை

மாப்ள,

இன்று காலை கடையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். வாசலுக்கு மேலே இருந்த பதினைந்தாம் நம்பர் தகட்டைக் கழற்றும்போது கண்மாய்ப் பக்கமிருந்து காற்று அடித்தது. அதே நாற்றம். ஆகாயத்தாமரை அழுகி, சாக்கடை கலந்து, வெயில் ஏற ஏறக் கூடுமே, அது. நீ போய் நாலு வருஷம் ஆகிறது. அது மட்டும் போகவில்லை.

ஆனால் இனிமேல் அதற்கு நாற்றம் என்று பேர் இல்லையாம், ஏரிக் காற்றாம். நம் பஜாரை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். கீழே கடைகள், நடுவில் ஆபீஸ், மேலே வீடுகள், கரையோரம் நடைபாதை. பஸ் ஸ்டாப்பில் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். அதில் தண்ணீர் நீலமாக இருக்கிறது. நம்ம கண்மாய் என்றைக்கடா நீலமாக இருந்தது? வண்டியூர் தெப்பக்குளம் மாதிரி சாயங்காலமானால் சனம் குமியும் என்று கடைக்காரர்களைக் கூப்பிட்டு வைக்கும் கூட்டத்திலெல்லாம் சொல்கிறார்கள். முதலில் அந்தச் சாக்கடையைத் திருப்பிவிடுங்களேன் என்று மூன்று கூட்டத்தில் எழுந்து கேட்டேன். அது வேறு துறையாம். கல்லில் நார் உரிக்கிற வேலை.

என் எரிச்சலில் பாதி உன் மேலேதான். பஜார் கட்டிய புதிதில் குலுக்கலில் உனக்கு ரோட்டைப் பார்த்த பதினாலும், எனக்குக் கண்மாயைப் பார்த்த பதினைந்தும் விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் தையல் மெஷினை இறக்கி வைத்துவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரவிக்கை அளவு கொடுக்க வந்த பெண்கள் வாசலோடு திரும்பினார்கள். ஒரு வாரம் பார்த்தாய். எட்டாம் நாள் உன் டீ பாய்லரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய்.

"எந்திரிடா. எனக்குச் சின்ன வயசுலயிருந்து மூக்கடைப்பு. ஒரு வாசமும் தெரியாது. ஒனக்கு ஊசி கோக்க வெளிச்சம் வேணும்ல, ரோட்டுப் பக்கம் போ."

போனேன். நம்பர் கடைக்கா ஆளுக்கா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆளுக்குத்தான் என்று முடிவு கட்டி, தகட்டையும் கழற்றிக் கூடவே எடுத்துப் போய் அவரவர் வாசலில் அடித்துக்கொண்டோம். சோதனைக்கு வந்தவர்கள் தகட்டைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், சரியாக இருக்கிறது என்று உன் டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள். இம்புட்டு வருஷத்தில் ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைக்க நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அறிவு கெட்ட ஜென்மங்கள்.

போன மாதக் கூட்டத்தில் புதுக் கட்டடத்து ஒதுக்கீட்டுப் பட்டியல் வாசித்தார்கள். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு, கண்மாய்ப் பக்கம் இருந்த கடைகளுக்கெல்லாம் தரைத்தளம், நடைபாதையைப் பார்த்த வாசல் என்றார்கள். ரோட்டுப் பக்கம் வாகன நிறுத்தம் வருவதால் அந்தக் கடைகளுக்கு இரண்டாம் மாடி, பின்பக்கம். வரைபடத்தில் கண்மாயைப் பார்த்த பதினைந்து இன்னமும் என் பேரில் இருக்கிறது. பதினாலு உன் பேரில். நீ போனதிலிருந்து பாய்லர் முன்னால் நிற்பது உன் பெண்டாட்டி. இரண்டாம் மாடி ஏறி எவன் டீ குடிப்பான்?

இதைச் சொல்லத்தான் வேண்டும் மாப்ள. அன்று நான் வாயைத் திறக்கவில்லை. தங்கச்சி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள், நான் பட்டியலைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் மகன், தானா வந்ததை ஏன்ப்பா தள்ளிவிடணும், பேசாம இருங்க என்றான். மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் டீ குடிக்கப் போனேன். தங்கச்சி பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்பில் பால் திரிந்துவிட்டது. பாத்திரத்தைச் சாக்கடையில் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு இருந்தா கேன் மூடியத் தொறக்கும்போதே சொல்லிருப்பாருண்ணே. அப்பேர்ப்பட்ட மூக்கு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பால்காரரிடம் நீ எத்தனை தடவை கேனை முகர்ந்து பார்த்துச் சண்டை போட்டிருக்கிறாய், பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மூக்கடைப்புக்காரனுக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? அத்தனை வருஷமும் அந்த நாற்றத்தை மூச்சுக்கு மூச்சு இழுத்துக்கொண்டுதான் டீ ஆற்றினாயா? படுபாவி, என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

அடுக்குமாடித் திட்டத்து ஆபீசுக்கு நேராகப் போனேன். நடந்ததைச் சொன்னேன். எழுத்து இருக்கா என்றார் அதிகாரி. இல்லை என்றேன். சாட்சி? செத்துப்போனான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆறு தடவை அலைந்தேன். ஒரு நாள் ஆள் இல்லை, ஒரு நாள் கம்ப்யூட்டர் இல்லை, ஒரு நாள் நான் கொண்டுபோன மனுவைக் காணோம். கடைசியில், எனக்கு வந்த இடத்தை நானே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, அவளும் கையெழுத்துப் போட்டால் மாற்றித் தரலாம் என்றார்கள். அங்கேயே நின்று எழுதினேன். இந்தத் தடவை எழுதினேன் மாப்ள, நகலும் எடுத்துக்கொண்டேன்.

நேற்றுதான் மாற்றி உத்தரவு கையில் கொடுத்தார்கள். மேலே எனக்கு வரப்போகும் இடத்தையும் வரைபடத்தில் காட்டினார்கள். ஜன்னல் இருக்கிறது. திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர்.

இன்று தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு தங்கச்சி கடைக்குப் போனேன். உத்தரவை வாங்கி இரண்டு தடவை படித்தாள். ஒங்க முட்டி வலியோட எப்பிடிண்ணே அம்புட்டுப் படி ஏறுவீக என்று கேட்டாள்.

"வலியெல்லாம் எப்பவோ போயிருச்சு தங்கச்சி. மாடியிலதான் வெளிச்சம் நல்லா வருது, எனக்கு ஊசி கோக்க வசதி" என்றேன்.

நம்பினாளா என்று தெரியவில்லை. டீயை ஆற்றிக் கொடுத்தாள். பின்பக்கம், நீ எப்போதும் உட்காரும் ஸ்டூலில் கண்மாயைப் பார்த்து உட்கார்ந்தேன். காற்று அடித்தது. அதே நாற்றம். மூக்கைப் பொத்தாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.