காக்கிச் சட்டைப் பை

வியாழக்கிழமை, இரவு

பாலக்கரைத் தெருப் பெண்களும் நானும் துணி, காகிதம், உடைந்த வளையல் எல்லாம் ஒட்டிச் செய்துவரும் காவிரிப் படத்தை இன்று நானே கிழித்தேன்.

காலையில் பரிமளா அக்கா உள்ளே வராமல், நாங்கள் வேலை செய்யும் கூடத்து வாசலிலேயே நின்றார். பஸ் டிரைவராக இருந்து இறந்துபோன கணவரின் காக்கிச் சட்டைப் பையைப் போன வாரம் அவரே வெட்டி, படத்தில் படித்துறை வரும் இடத்தில் ஒட்டியிருந்தார்.

"சுதா, அத எடுத்துத் தர முடியுமா? குடுத்துட்டேன், ஆனா மனசு கேக்கலம்மா."

ஞாயிற்றுக்கிழமை படத்தை ஸ்ரீரங்கத்தில் பார்வைக்கு வைக்கிறோம். தென்னூர் அறையில் தனியாக வேலை செய்த காலத்தில் என் படத்தை யாரையும் தொட விட்டதில்லை. இன்று வெந்நீரில் நனைத்து, கத்தியால் மெல்ல நெம்பினேன். பையோடு பாதி ஆறும் உரிந்து வந்தது. அடியிலிருந்த பலகை தெரிந்தது.

"ஐயோ, உன் படம் போச்சே!"

"படத்த ஒட்டிக்கலாம்க்கா."

அக்கா பையை அலசிக் கொடியில் உலர்த்தினார். வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். பசைக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பழைய ரவிக்கைத் துணிகளில் நீலமாகத் தேடித் தேடி மாலைவரை ஒட்டினார். அவருடைய நீலம் என்னுடையதைவிட அடர்த்தி.

பக்கத்து வீட்டு ரஹ்மத் பார்த்துவிட்டு, "இந்த எடத்துல ஆழம் போலருக்கே," என்றாள். அக்கா சிரித்துவிட்டார்.

அந்த நீலத்தின் மேல் நான் கைவைக்கப் போவதில்லை. ஞாயிறுக்குள் பசை காய்ந்தால் போதும்.