மைனஸ் பதினெட்டு

ஞாயிறு இரவு.

என் மனைவி மலர் பரீட்சைக்குப் படிக்கிறாள். சூரியனிலிருந்து பூமி வாங்கும் வெப்பமும் வெளியே விடும் வெப்பமும் சமம் என்று வைத்து, பூமியின் சராசரி வெப்பநிலையைக் கணக்குப் போட்டாள். மைனஸ் பதினெட்டு டிகிரி வந்தது.

வீட்டுக்கு வந்திருந்த அவள் அண்ணன் முன்னாலேயே சிரித்துவிட்டேன்.

“நம்ம ஜெலுத்தோங்ல பனியா கொட்டுது? தப்பு லா, அழி.”

“காத்த சேர்க்காம போட்டதாலயோ என்னவோங்க?”

“இன்ஜினியருக்கே பாடமா?”

ரப்பரையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அழித்தாள்.

அவள் தூங்கியதும் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். காற்று வெப்பத்தைப் பிடித்துவைக்காவிட்டால் பூமி மைனஸ் பதினெட்டுதானாம். கூசிப்போனேன்.

காலையில் சொல்லிவிட வேண்டும். அண்ணன் இரவே தன் ஊரான கெப்பாலா பத்தாஸுக்குத் திரும்பிவிட்டார். அவர் எதிரில் சொல்ல வேண்டாமே என்று எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. சிரித்தது மட்டும் அவர் எதிரில்தானே என்பது அப்புறம்தான் உறைத்தது.