புருஷன் வேஷம்

அன்புள்ள செல்ல மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதிப் பழகிய கை இன்றைக்கு அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. போனில் சொல்லலாம்தான், ஆனால் அவள் பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் கடிதம்.

ஆஸ்பத்திரியில் ஒரு வேலைக்குப் போகிறேன் என்றேனே, என்ன வேலை என்று நீ கேட்டபோது மழுப்பிவிட்டேன். நடிப்பு. சிரிக்காதே. நோயாளிகளுக்குப் புது மருந்து கொடுத்து ஆராய்ச்சி செய்வது எப்படி என்று நர்சுகளுக்கும் சின்ன டாக்டர்களுக்கும் அங்கே பயிற்சி நடக்கிறது. ஆராய்ச்சியில் சேர நோயாளியிடம் சம்மதம் கேட்பது அதில் ஒரு பாடம். அம்மாவை நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போகும்போது, எங்கே அடைக்கிறது, எப்போது இருமல் என்று அவளைக் கேட்ட எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னதை, பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா பார்த்திருக்கிறார். எங்கள் வகுப்புக்கு வந்து இதையே செய்ய முடியுமா என்று கேட்டார். பஸ்ஸில் கண்டக்டராகக் கத்திய தொண்டை, கேட்கவா வேண்டும். ஒரு நர்ஸ் நோயாளியாகக் கட்டிலில் படுத்திருப்பாள், நான் புருஷன். அவளிடம் எது கேட்டாலும் நான் முந்திக்கொள்ள வேண்டும், அவளுக்கு ஒன்றும் தெரியாது, எங்கே கையெழுத்து, நான் போடச் சொல்கிறேன் என்று அதட்ட வேண்டும். படிக்கிறவர்கள் என் மனம் நோகாமல் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேச வேண்டும், அதுதான் பரீட்சை. யாராலும் என்னை அசைக்க முடியவில்லை. கண்ணாடி போட்ட ஒரு குள்ளப் பெண், பேசினால் சத்தமே வெளியே வராது, பூனைக்குட்டி என்று பெயர் வைத்திருந்தேன், அவள் மட்டும் நாற்காலியை வெளியே கொண்டுபோய்ப் போட்டு, "நீங்க இங்க உக்காருங்கப்பா, உங்ககிட்டயும் அப்புறமா பேசறேன்" என்று உட்கார வைத்துவிட்டாள். வகுப்பே கை தட்டியது, நானும் தட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அம்மாவுக்குப் பழைய மருந்து இனிக் கேட்காதாம். மாடி ஏறுவதை விட்டுவிட்டாள், குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள். ஆராய்ச்சியில் ஒரு புது மருந்து இருக்கிறது, குணமாகும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் சேர்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போன செவ்வாய்க்கிழமை போனோம். சம்மதம் கேட்க வந்தது யார் தெரியுமா, அதே பூனைக்குட்டி. நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலி வெளியே போய்விட்டது. மாட்டேன் என்று அடம்பிடித்தால் நடிக்கிறேன் என்றுதானே நினைப்பாள், எழுந்து போய் உட்கார்ந்தேன். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை கண்ணைத் துடைத்தாள், ஒரு தடவை சிரித்தாள். அவள் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததே இல்லை. வெளியே வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வாங்க போகலாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். "காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லைன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு" என்றாள்.

உள்ளே அம்மா என்ன சொன்னாள் என்று பூனைக்குட்டியிடம் போய்க் கெஞ்சினேன். என் கையைப் பிடித்துக்கொண்டாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. வகுப்பில் சொல்லியிருந்தால் இவளைப் பெயிலாக்குங்கள் என்று நானே கத்தியிருப்பேன். வீட்டில் கோபப்பட்டுப் பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், அவள் என் தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மனம் மாறினால் மாசக் கடைசிக்குள் வரலாம் என்றிருக்கிறார்கள். நீ பேசி அவளைச் சம்மதிக்க வை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதுகூட எழுத வரவில்லை. எப்போதும் அம்மா எப்படி இருக்கா என்று நீ என்னைத்தான் கேட்பாய், நான் சொல்வேன், அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இந்தத் தடவை போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவளை ஒன்றும் வற்புறுத்தாதே, சொல்வதை முழுசாகக் கேள். அவள் சொல்லலாம் என்றால் மட்டும் எனக்குச் சொல்.

குட்டிப்பயலுக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். மறக்காமல் காலையில் கூப்பிடு, அப்போதுதான் அவளுக்குப் பேச மூச்சு இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா