நம்பப்படாதவளுக்கு ஆறு மதிப்பெண்

ஜூன் 3

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. இருபதுக்கு ஆறு. நாற்பத்தாறு வயதில் ஆறு வாங்கினால் வீட்டில் யாரிடம் கையெழுத்து வாங்குவது?

தலைப்பு கசாண்ட்ரா. ட்ராய் நகரத்து இளவரசி. நடக்கப்போவதை முன்கூட்டியே அறியும் வரத்தை அப்பல்லோ என்ற தெய்வம் அவளுக்குக் கொடுத்தான். அவன் ஆசைக்கு அவள் இணங்கவில்லை என்றதும், நீ சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள் என்று சாபத்தையும் சேர்த்துக் கொடுத்தான். சாபத்தையும் நம்பாத ஊரையும் திட்டித் தீர்த்து எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். மாலைக் கல்லூரிப் பேராசிரியை என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "வக்கீலாக வந்திருக்கிறீர்கள். வாசகியாக வாருங்கள். கேட்டவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது என்று பாருங்கள்." திருத்தி எழுத மாதக் கடைசி வரை நேரம் உண்டு.

பகல் முழுக்க ஆய்வுக்கூடத்தில் மண்ணைச் சலித்து, நனைத்து, அழுத்திப் பார்க்கிறவள் நான். மாலையில் கிரேக்கத் தெய்வங்களோடு மல்லுக்கட்டச் சொல்லி யார் அழுதார்கள்?

ஜூன் 5

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் உடற்பயிற்சி அறை தயார். சங்கச் செயலாளர் என் கணவர்தான். பள்ளியில் கணக்கு வாத்தியார். தான் போட்ட கணக்கு தப்பாது என்று நினைக்கிற இனம். கண்ணாடி, தரை, எடைக்கட்டைகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் பின்சுவரைப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுக்க மண், மேலே தோட்டம். இறங்குகிற தண்ணீர் வடிவதற்கென்று சுவரின் அடியில் வரிசையாகக் குழாய்த் துளைகள் இருந்தன. இப்போது காணோம். அசிங்கமாக இருக்கிறதென்று சிமெண்டால் அடைத்து, மேலே நீலப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

தண்ணீருக்கு வழியில்லை என்றால் மண் ஊறிச் சுவரைத் தள்ளும் என்றேன். இடுப்பு உயரத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியதையும் காட்டினேன்.

"நீ பாக்கறது மண்ணு. இது சுவரு," என்றார்.

ஜூன் 6

மறுபடி சொன்னேன். "திறப்பு விழா முடியட்டும்," என்றார்.

ஜூன் 10

விழா முடிந்தது. குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். மூன்றாம் மாடிக்காரர் (நான் வைத்த பெயர் ஒலிபெருக்கி) கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், பத்து மாசமா தூசியும் சத்தமும் தின்னாச்சு. மறுபடி உடைக்கணும்னு மட்டும் சொல்லாதீங்க." எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அதுதான் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "என் மானத்த வாங்காத," என்றார். லிஃப்டில் இப்போது என் பெயர் மண் டாக்டராம்.

ஜூன் 13

வகுப்பில் மரக்குதிரைக் கதை. எதிரிப்படை ஊருக்குக் கிளம்பியதுபோல் நடித்து, பிரம்மாண்டமான குதிரை ஒன்றைக் கரையில் விட்டுப் போகிறது. வயிற்றுக்குள் வீரர்கள். கசாண்ட்ரா வேண்டாம் என்கிறாள். ஒரு பூசாரியும் வேண்டாம் என்கிறான். ஈட்டியை எறிகிறான், குதிரையின் வயிறு அதிர்ந்து ஒலிக்கிறது. அவனுக்குச் சாபம் ஏதும் கிடையாது. அப்படியும் குதிரை உள்ளே போகிறது.

எனக்குச் சுருக்கென்றது. சாபத்தின் தலையில் பழியைப் போட்டல்லவா எட்டுப் பக்கம் எழுதினேன்! பத்து வருஷச் சண்டையில் ஊருக்கு அலுத்துப்போய்விட்டது. சண்டை முடிந்தது என்று யார் சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தார்கள். பத்து மாதம் தூசி தின்றவர்களும் அப்படித்தானே?

ஜூன் 15

காலையில் இவர் பின்னாலேயே இறங்கிப் போனேன். பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை தூக்குகிறார் — தலைமாடு அந்தச் சுவர் பக்கம். விரிசலில் இப்போது நகம் நுழைகிறது. என்ன பண்றது நான்? கத்தினா மானம் போகுதுங்கறார். சும்மா இருந்தா — வேண்டாம், எழுத மாட்டேன். மழை வேற வரப்போகுது. இந்த மனுஷன் இல்லாம எனக்கு என்ன இருக்கு? கணக்கு வாத்தியாராம், கணக்கு வாத்தியார்.

ஜூன் 18

உண்மை சொன்ன இருவரும் தோற்றார்கள். ஜெயித்தவன் ஒரு பொய்யன். எதிரிகள் வேண்டுமென்றே விட்டுப்போன ஆள், பிடிபட்டவன்போல் நடிக்கிறான். அவன் பேச்சை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஆள் கில்லாடி. எல்லாருக்கும் தெரிந்த நிஜத்தில் தொடங்குகிறான். கேட்கிறவர்களுக்கு ஆவல் ஏறும் நேரம் பார்த்து, இதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நிறுத்திவிடுகிறான். அவர்களே சொல், சொல் என்கிறார்கள். குதிரையை உள்ளே இழுங்கள் என்று ஓர் இடத்திலும் அவன் சொல்லவில்லை. அவர்களாகவே அந்த முடிவுக்கு வருகிறார்கள்.

"இந்த உத்தி பொய்யனுக்கு மட்டும்தான் சொந்தமா?" என்று பேராசிரியை கேட்டார். அவர் கட்டுரைக்காகக் கேட்டார். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

ஜூன் 20

சாப்பிடும்போது பெருமூச்சு விட்டேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"சொல்லேன்."

"வேண்டாம். மண்ணு பாக்கறவ, எனக்கென்ன தெரியும்?"

தட்டை நகர்த்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒரு கன மீட்டர் ஈர மண்ணு என்ன எடை வரும்னு உங்க கிளாஸ் பசங்க சொல்லுவாங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான். பேனா வந்தது, மின்கட்டண ரசீதின் பின்பக்கம் வந்தது. சுவரின் நீளம், உயரம், ஊறிய மண், அதில் தேங்கும் தண்ணீர் என்று போட்டுக்கொண்டே போனவரின் கை பாதியில் நின்றது.

"அந்தத் துளைகளத் திறந்துடணும்," என்றார், தானே கண்டுபிடித்த மாதிரி.

"அப்படியா சொல்றீங்க?" என்றேன். மேடை ஏறியிருக்க வேண்டியவள் நான். அறையை உடனே பூட்டச் சொல்லிவிட்டார்.

ஜூன் 27

சங்கம் ஒரே கூட்டத்தில் ஒத்துக்கொண்டது. நான் சொன்னால் மண், இவர் சொன்னால் கணக்கு. கொத்தனார் துளைகளைத் திறந்து, சுவரை ஒட்டி முட்டுத்தூண்களும் கட்டுகிறார். துளைகளிலிருந்து வந்தது ஒரு பிடி ஈர மண், ஒரு மண்புழு. "இதுக்கா?" என்றார் ஒலிபெருக்கி. இவர் முகம் தொங்கிப்போனது.

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 11

கட்டுரைக்குப் பதினைந்து!

நாலு நாளாக விடாத மழை. புதுப் பெயிண்டில் கறை படிகிறது, நல்ல சுவரை ஓட்டை போட்டு நாசம் பண்ணிவிட்டார்கள் என்று ஒலிபெருக்கி சண்டைக்கு வந்தார். மூவரும் கீழே போனோம். ஒவ்வொரு துளையிலிருந்தும் பழுப்புத் தண்ணீர் விரல் கனத்துக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கறையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, இவர் பெஞ்சு இருந்த இடத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவும் உள்ளயே நின்னிருக்கும்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

கசாண்ட்ராவை நம்பியிருந்தால் அவளுக்குக் கதையே இருந்திருக்காது. சுவரில் கறை என்று அவளிடமும் சண்டைக்கு வந்திருப்பார்கள். கட்டுரை எழுதும்போது இது தோன்றவில்லை.

ஜூலை 12

கட்டுரையை இவருக்கு வாசித்துக் காட்டினேன். பொய்யன் வரும் இடத்தில் நிமிர்ந்தார்.

"அன்னிக்கு விட்ட பெருமூச்சு?"

"நடிப்பு."

"நேரா சொல்லியிருக்கலாமே."

"மூணு தடவ சொன்னேங்க."

ஜெயித்த சந்தோஷம் வரவேண்டியதுதானே? வரவில்லை. "நம்ம வீட்ல உண்மையச் சொல்ல, ஒரு பொய்யன்கிட்ட போய்ப் பாடம் படிக்க வேண்டியிருந்துச்சு எனக்கு," என்றேன். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். இவர் எழுந்து போய் வெறுமனே ஜன்னலருகே நின்றார்.

ஜூலை 13

காலையில் இவரே காபி போட்டு வைத்திருந்தார். சர்க்கரை அதிகம்.

ஆகஸ்ட் 2

பால்கனிக் கம்பி ஆடுகிறது என்றேன். பெருமூச்சில்லை, பீடிகையில்லை, காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணும்—" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். முட்டி வலியோடு மண்டிபோட்டு, கம்பி தரையில் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"எந்த இடத்துல? வந்து காட்டு," என்றார்.