மாத்திரையை நிறுத்தச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மனைவியும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம், கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி. தைத்து மிச்சமான வெட்டுத்துணியைக் கொட்டப் போனேன், கூடைக்கு அடியில் அவளுடைய மாத்திரைகள் கிடந்தன. கேட்டதும் அழுதுவிட்டாள். பிள்ளைக்கு ஆகாது, நிறுத்து என்று நீ சொன்னாயாமே, எந்த டாக்டரைக் கேட்டுச் சொன்னாய்? கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன், அவ்வளவு கோபம். அப்படியே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். நர்ஸம்மா திட்டவில்லை, பொறுமையாகச் சொன்னார். எச்ஐவி உள்ள தாய் மாத்திரையை விடாமல் போட்டால் இரத்தத்தில் கிருமி அடங்கிவிடுமாம், பிள்ளைக்குத் தொற்றாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாமாம், பிறந்ததும் பிள்ளைக்கும் மருந்து உண்டாம், பால் கொடுப்பது பற்றியும் அவர்களே சொல்வார்களாம். நிறுத்தினால்தான் ஆபத்தாம். நீ ஆகாது என்றாயே, அந்த மாத்திரைதான் உன் பிள்ளைக்குக் காவல். இப்போது அவள் விழுங்கும்வரை தண்ணீர்த் தம்ளரோடு எதிரிலேயே நிற்கிறேன். போலீஸ்காரி மாதிரி நிற்கிறீர்களே என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும், அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

அப்புறம் உன் அத்தை. அவளிடம் ஏன் சொன்னாய்? யாரிடம் சொல்வது என்பது உன் மனைவியின் இஷ்டம், நீ ஊருக்கெல்லாம் ஒலிபரப்ப வேண்டாம். வந்தவள் உட்காரக்கூட இல்லை, இவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடு என்றாள். இவள் போனால் நானும் போவேன், தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு போவேன், பிறகு உன் ரவிக்கையை யார் பிரித்துத் தைப்பார்கள் என்று அவளைக் கேட்டேன். வந்த வழியே திரும்பிவிட்டாள்.

எனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் அவளால்தான் என்கிறாய். பரிசோதித்துப் பார்த்தாயா? பிள்ளைக்காக அவள் கையை நீட்டினாள், நீ கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு பழி சொல்கிறாய். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். எனக்கும் பயம்தான், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று காதால் கேட்கும்வரை தூக்கம் வராது. அதற்காக யாருக்கும் பயந்து இவளை விட்டுக்கொடுக்க மாட்டேன், உனக்கும்தான்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், மறக்காமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள். முடிவு எதுவானாலும் நீ என் பிள்ளை, உனக்கும் தம்ளரோடு நிற்பேன். செய்யாமல் பிரசவத்துக்கு வந்து வாசலில் நின்றால், திறப்பதா வேண்டாமா என்று அவள்தான் சொல்வாள். சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா