போஸ்டரில் விடுபட்ட பெயர்

இன்று காலை பத்து மணிக்கு உன் முகம் நம் பிரஸ்ஸின் பிளேட் மெஷினிலிருந்து வெளியே வந்தது. டெவலப்பர் வாடை உனக்குத் தெரியும். டிசைன் செக்ஷனில் இருந்த ஆறு வருஷமும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எங்கள் பக்கம் வருவாய். நாலு கலருக்கு நாலு தகடு. கறுப்புத் தகட்டில் மட்டும் பார்த்தால் உனக்கு அறுபது வயது போல இருக்கிறது. முப்பத்திரண்டில் போனவனுக்கு அதுவும் ஒரு சலுகைதான்.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அதற்குள் ஒரு வருஷம்.

எழுத்துப் பிழை பார்ப்பது என் வேலை இல்லை. உன் போஸ்டர் என்பதால் படித்தேன். படத்துக்குக் கீழே ‘கண்ணீருடன்’ என்று போட்டு வரிசையாகப் பெயர்கள். உன் அம்மா, உன் அண்ணன், அண்ணி, உன் மகள், பெரியப்பா மக்கள், பிறகு நண்பர்கள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் இரண்டு தடவை பார்த்தேன். ஈஸ்வரி இல்லை. உன் மனைவி இல்லாமல் உனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

உன் நாற்காலியில் இப்போது உட்காரும் பெண்ணுக்கு போன் அடித்தேன். “சம்சாரம் பேரு விட்டுப் போச்சாம்மா?”

“விடலைண்ணே. அவுக அண்ணாச்சி கைப்பட எழுதிக் கொடுத்த லிஸ்ட்டே அப்படித்தான் இருக்கு. நானும் கேட்டேன். ‘லிஸ்ட்டுல உள்ளதைப் போடும்மா’ன்னுட்டாக.”

மெஷின் ரூமுக்கு “தப்பு இருக்கு, மத்தியானத்துக்கு மேலதான் பிளேட்டு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாம் நீ எடுத்த குறும்படத்தால் வந்தது. இறந்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது.

நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம், ஆமத்தூர் போகிற வழியில் நீ பிளாட் வாங்கி வீடு கட்டினாய். முதல் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று பலகை மட்டும் வரிசையாக நிற்கும், பஸ் கிடையாது. வீட்டுக்கு ஒரு கலர், வாசலுக்கு ஒரு கேட், பகலில் உள்ளே ஒரு பெண்ணும் ஒரு டிவியும். குடிபோன ஆறே மாதத்தில் உனக்கு அலுத்துவிட்டது. ஈஸ்வரிக்கும் அலுத்திருக்கும். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. நீ என்னிடம் வந்து, “மாப்ள, இந்த நகர்ல ஒரு கதை இருக்குலே” என்றாய்.

கதை இதுதான். இப்படி ஒரு வீடு, இப்படி ஒரு மனைவி. கணவன் வேலைக்குப் போன பிறகு ஒருவன் வருகிறான். அவ்வளவுதான். “ஏன், அந்தக் கணவன் எங்கேயும் போக மாட்டானா?” என்று அன்றைக்கே கேட்டேன். “பொம்பள போனாத்தாம்லே பாப்பாக” என்றாய். எழுதிய உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தீபாவளி முடிந்து பிரஸ்ஸில் லோடு இல்லாத மாதத்தில் ஷூட்டிங் வைத்தாய். மதுரையிலிருந்து வந்த பெண் ஒரு நாள் நடித்துவிட்டுப் போனவள் திரும்பவில்லை. உடனே ஈஸ்வரியைக் கேமரா முன்னால் நிறுத்தினாய். “எனக்கு நடிக்கத் தெரியாதுங்க” என்றாள். “நீ நடிக்க வேண்டாம், எப்பவும் போல இரு, அதான் படம்” என்றாய். அவள் முகம் போன போக்கை நான்தான் கேமரா வழியாகப் பார்த்தேன். நீ மானிட்டரில் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வருகிறவனாக நடிக்க ஒப்புக்கொண்டவனை அவன் வீட்டில் விடவில்லை. “முதுகுதானலே தெரியப்போகுது” என்று உன் கட்டம்போட்ட சட்டையை எனக்கு மாட்டிவிட்டு, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினாய். பிரிண்டிங் டெக்னாலஜி டிப்ளமோ முடித்த எனக்கு இதுவும் எழுதியிருந்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஈஸ்வரி ஒரு முதுகுக்கு டீ கொடுக்கிற இரண்டு நிமிடத் துண்டை வெட்டி, உன்னுடையது என்று யாருக்கும் தெரியாத புது நம்பரிலிருந்து உன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் நகர் குரூப்பிலும் போட்டாய். பெயர் போடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அச்சடித்தவன் பெயர் அடியில் இல்லாமல் கால் பக்க நோட்டீஸ்கூட நம் பிரஸ்ஸை விட்டு வெளியே போகாது. ஆறு வருஷம் அந்த வரியைத் தினமும் வைத்தவன் நீ. “டைட்டில் போட்டா படம்னு தெரிஞ்சிரும்லே. மூணு நாள் சஸ்பென்ஸ்” என்றாய்.

மூன்று நாளும் ஊர் அதை நிஜம் என்றே பார்த்தது. யாரோ ஜன்னல் வழியாக எடுத்தது என்று முடிவு கட்டினார்கள். “மாப்ள, நம்பிட்டாகலே” என்று சிரித்தாய். நாலாம் நாள், “அது படம்” என்று நீ சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பொண்டாட்டி மானத்தைக் காப்பாற்றப் பையன் பொய் சொல்கிறான், எவ்வளவு நல்லவன் என்றார்கள். உனக்கு நல்ல பெயர் வந்தது.

அடுத்தது டப்பிங். ஈஸ்வரியின் குரல் மட்டமாக இருக்கிறது என்றாய். காரியாபட்டியில் ஒரு நர்சரி ஸ்கூல் டீச்சர், குரல் அருமை, அவளைப் பேசவைத்துப் பதிவு பண்ணுகிறேன் என்றாய். மொத்தம் நாற்பத்தியொரு வரி வசனம். அதற்குப் பதினோரு ஞாயிற்றுக்கிழமை. நான் கணக்குத் தெரிந்தவன், அப்போதே உறைத்திருக்க வேண்டும். நீ அங்கே பைக்கில் போவாய், என்னை உன் வீட்டு கம்ப்யூட்டரில் எடிட்டிங்குக்கு உட்காரவைத்துவிட்டு. பதினோரு ஞாயிறு என் பைக் உன் வாசலில் நின்றது. ஊருக்கு வேறு என்ன வேண்டும்?

ஏழாவது ஞாயிறு பதிவில் நீ ரெக்கார்டரை அணைக்க மறந்திருந்தாய். வசனம் முடிந்து இருபத்தாறு நிமிடம் ஓடுகிறது. அடுத்த ஞாயிறு உன் வீட்டில் ஹெட்போனில் கேட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறாய். அவள் மாணவர்கள் பண்ணிய சேட்டை ஒவ்வொன்றையும் கேட்டுச் சிரிக்கிறாய். அப்படிப் பொறுமையாக நீ யார் பேச்சையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள், “வீட்டுல தேட மாட்டாகளா?” என்கிறாள். “அவகிட்டப் பேச என்ன இருக்கு” என்கிறாய். நான் ஹெட்போனைக் கழற்றியபோது ஈஸ்வரி டீயோடு நின்றாள்.

மறுநாள் டீக்கடையில் உன்னிடம் நேராகக் கேட்டேன். நீ வடையைப் பிய்த்துக்கொண்டே, “மாப்ள, எடிட்ல வெட்டிரு” என்றாய். வெட்டினேன். ஆனால் மூலப் பதிவை நான் எப்போதும் அழிப்பதில்லை. அது தொழில் பழக்கம், விசுவாசம் இல்லை.

பதினோராவது ஞாயிறு மதியம் நீ திரும்பி வருகையில், நாலுவழிச் சாலையில் நின்றிருந்த லாரிக்குப் பின்னால் எல்லாம் முடிந்தது. காரியாபட்டிப் பக்கம் உனக்கு என்ன வேலை என்று எடுத்த எடுப்பில் எல்லோரும் கேட்டார்கள். பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். மனைவி சரியில்லை, மனம் ஒடிந்து சுற்றினான் என்று. உன்னைக் கிடத்தியிருந்த கூடத்திலேயே உன் அத்தை அதைச் சத்தமாகச் சொன்னாள். ஈஸ்வரி காதில் விழுந்தது. அவள் உன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று மதியம் ஈஸ்வரி வேலை செய்யும் காலண்டர் பைண்டிங் ஷெட்டுக்குப் போனேன். தேதித்தாள் கட்டுக்குத் தகரப் பட்டை வைத்துக்கொண்டிருந்தாள். முன்னுரை போட்டுப் பேச எனக்கு வராது. “போஸ்டர்ல உங்க பேரு இல்ல” என்றேன்.

“இருக்காதுன்னு தெரியும்ணே” என்றாள். பட்டையை இரண்டு தட்டுத் தட்டினாள். “பாப்பா இப்ப எழுத்துக் கூட்டி வாசிக்கா. வண்டில பின்னால இருந்துக்கிட்டு ஒரு போஸ்டரை விட மாட்டேங்கா. அப்பா படம்னா நிறுத்தச் சொல்லி முழுசா வாசிப்பா. அம்மா பேரு எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

“என்கிட்ட ஒரு ஆடியோ இருக்கு. இப்பவே அண்ணாச்சி கடைக்குப் போயிப் போட்டுக் காட்டுறேன். ஒரே நாள்ல தீந்துரும்.”

“காரியாபட்டிப் பொண்ணா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“நீங்க எடிட்டிங் பண்ணும்போது எம்மூஞ்சிக்கு அவ குரல் வரும்லண்ணே. வசனம் எம்புருசன் எழுதுனதுதான். ஆனா அவ பேசுனது நடிப்பு இல்ல. அப்படி ஒரு பேச்சு என் வாயில வந்து எத்தனையோ வருசம் ஆச்சு. எனக்குத் தெரியாதா?” அடுத்த கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “அதைப் போட்டுக் காட்டாதீக. எம்பேரைப் போடச் சொல்லுங்க. காரணம் சொல்ல வேண்டாம்” என்றாள்.

அது எப்படி முடியும்? கறுப்பு மை இல்லாமல் எழுத்து அடி என்பது போல. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து விவாதம் பண்ண முடியவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஆமத்தூர் விலக்கில் இருக்கும் உன் அண்ணன் கடைக்குப் போனேன். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, போஸ்டர்ல ஈஸ்வரி பேரு விட்டுப் போச்சு.”

“விட்டுப் போகலை. விட்டிருக்கேன்.”

“அந்த வீடியோவுல நிக்குறது நான். அது என் முதுகு. சினிமாவுக்காக எடுத்தது.”

“உம்முதுகுன்னு ஊருக்கே தெரியும்லே. அதனாலதான் நண்பர்கள்ல உம்பேரையும் போடலை. பாக்கலையா நீ?”

பார்க்கவில்லை. இரண்டு தடவை படித்தேன், என் பெயரைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை.

என் பையில் இருபத்தாறு நிமிடம் இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் ஈஸ்வரியும் சுத்தம், நானும் சுத்தம். லேப்டாப்பைத் திறந்தேன், விரல் அந்தப் பைல் மேலேயே போய் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுத்தத்தான் போனேன். அப்போது அதற்கு மேலே இருந்த இன்னொரு பைல் கண்ணில் பட்டது. டீ கொடுக்கும் காட்சி, வெட்டாத முழு டேக். அதைத் திறந்து லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

நீ மறந்திருப்பாய். முதல் ஒரு நிமிடம் முழுக்க உன் சத்தம்தான். “ஏலே, முதுகைக் கூன் போடாத. ஈஸு, டம்ளரை ரெண்டு கையிலயும் பிடி.” ஈஸ்வரி சிரிப்பை அடக்க முடியாமல், “அண்ணே, சட்டை கிழியப் போகுது, மூச்சை விடாதீக” என்கிறாள். நீ ஆக்‌ஷன் சொல்கிறாய். அவள் டம்ளரை நீட்டுகிற நேரத்தில், பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடி டெஸ்ட் பண்ணுகிற சத்தம். டீ முழுக்க என் கையில். நான் குதிக்கிறேன். “அய்யய்யோ அண்ணனுக்கு வெந்துருச்சு” என்று அவள் தண்ணிக்கு ஓடுகிறாள். நீ ஓடி வந்து என் கையை ஊதிக்கொண்டே, “பயந்தது சூப்பர் மாப்ள, இதையே வச்சுக்கிருவோம்” என்கிறாய். மூன்று பேரும் சிரிக்கிறோம்.

உன் அண்ணன் மூன்று தடவை போடச் சொன்னார். முதல் தடவை அவளைப் பார்த்தார். இரண்டாவது தடவை உன்னைப் பார்த்தார். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு உன் சத்தத்தை மட்டும் கேட்டார்.

“இதை ஏம்லே அன்னைக்கே காட்டலை?”

“உங்க தம்பி விடலை. சஸ்பென்ஸ்னான். அவன் போன பிறகு எங்ககிட்ட யாரும் கேக்கலை.”

துண்டால் முகத்தைத் துடைத்தார். “மடப்பய” என்றார். அதில் எனக்கு மறுப்பு இல்லை. “பேரைப் போடு. ‘மனைவி’ன்னு போட்டு முதல்ல போடு. உம்பேரும்.” நான் எழுந்தேன். “அது சரி, அப்ப அவன் வாராவாரம் காரியாபட்டிக்கு எதுக்குப் போனான்?”

வாயில் வந்ததை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான், நாகரிகம் தெரியாதவன் என்று என்னைப் பற்றி நீயே பலபேரிடம் சொல்லியிருக்கிறாய். அந்த நான் சொன்னது ஒரே வார்த்தை.

“டப்பிங்.”

அவர் தலையாட்டினார். அந்த வார்த்தையில் பொய் எதுவும் இல்லை. வெளியே வந்து பைக்கை எடுத்தேன். உனக்காக நான் செய்த எல்லா வேலையிலும் இதுதான் கேவலம்.

கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றி எடுத்தேன். நாலு மணிக்கு ஓடி முடிந்தது. ஈரம் காய்ந்ததும் இரண்டு பிரதியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவையும் பைக்கை வாசலுக்கு நேராக, எல்லோரும் பார்க்கும்படியே நிறுத்தினேன். உன் மகள் போஸ்டரைத் தரையில் விரித்து, விரல் வைத்து, அம்மா பெயரில் ஆரம்பித்து என் பெயர் வரை வாசித்தாள். ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இருக்கக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு பாடு.

ஈஸ்வரி, “அவுக கேட்டிருப்பாகளே, என்ன சொன்னீக?” என்றாள். சொன்னேன். பிறகு இன்னொரு பிரதியைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு என்னிடம் நீட்டினாள்.

“இதைக் காரியாபட்டியில ஒட்டிட்டு வாங்கண்ணே. அவுக போயிட்டாகன்னு அந்தப் பொண்ணுகிட்ட யாரும் வந்து சொல்லிருக்க மாட்டாக.”

கோபத்தில் சொல்கிறீர்களா, இரக்கத்தில் சொல்கிறீர்களா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும். உன் படத்துக்கு மேலே நினைவஞ்சலி, கீழே முதல் பெயராக ‘மனைவி ஈஸ்வரி’. இரண்டில் எதற்காக அந்தப் பெண் அதைப் பார்க்க வேண்டும்?

“உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பேரு வேணும்” என்றாள். “பசையைக் கெட்டியாக் காய்ச்சுங்க. மழைக்கு விழுந்துரும்.”

சுருட்டிய போஸ்டர் இப்போது என் மேசையில் கிடக்கிறது. விடிந்ததும் கிளம்ப வேண்டும். காரியாபட்டியில் நான் பார்த்தவரை எல்லாத் தெருவிலும் சுவர் இருக்கிறது. அந்த டீச்சர் தினமும் எந்தச் சுவரைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.